ஒளிக்குமிழ் சொல்லும் பெயர்

உலகிலுள்ள உயிர்களுக்குப் பெயரிடுவதற்கு முன் மனிதன் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. இது வேறு, அது வேறு எனப் பிரித்தறிவதே அப்பணி. நெற்பயிரோடு நெற்பயிராய்த் தலைகாட்டும் புல்லை, இலையின் அடிப்பகுதியைப் பார்த்தே இனங்கண்டு களைந்துவிடுவார் உழவர். பகல் வெளிச்சத்தில், கைக்கெட்டும் தொலைவில் உள்ளவற்றைப் பிரித்தறியவே இத்துணைப் பயிற்சி வேண்டும். அவ்வாறாயின், கதிரவன் ஒளி ஒருநாளும் சென்று சேராத ஆழத்தில் வாழும் உயிர்களை எவ்வாறு பிரித்தறிவது? இவ்வினா எழும்போதெல்லாம் ஆழ்கடல் தூண்டில்மீன்களே என் நினைவுக்கு வருகின்றன.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டருக்குக் கீழே பகலென்றும் இரவென்றும் வேறுபாடில்லை. அங்கே நீரின் அழுத்தம் மிகுதி, குளிர் மிகுதி, உணவோ அரிது. இரையைத் தேடி அலைந்தால், கிடைக்கும் உணவைவிடச் செலவாகும் ஆற்றலே மிகுதியாகிவிடும். எனவே, இம்மீன்கள் இரையைத் தம்மிடம் வரவழைக்கின்றன. பெண் மீனின் முதுகுத் துடுப்பின் முதல் முள், தலையின் முன்புறம் நகர்ந்து தூண்டிற்கோலாக உருமாறியுள்ளது. அதன் நுனியில் சதைப்பற்றுள்ள குமிழ் ஒன்று அமைந்திருக்கிறது. குமிழுக்குள் ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீன் அவற்றுக்கு உறைவிடமும் ஊட்டமும் அளிக்கிறது. அவை மீனுக்கு ஒளி அளிக்கின்றன. ஒளியை நாடி வரும் சிற்றுயிர், அதன் பின்னால் திறந்திருக்கும் வாயைக் காண்பதில்லை.

இவ்வகை மீன்களுள் 160க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. கருநிறத் தோல், அகன்ற வாய், ஊசிபோன்ற பற்கள் என அவற்றுட் பல ஒன்றுபோலவே தோன்றும். ‘ஒனைரோடெஸ்’ என்னும் பேரினத்தில் மட்டும் 30க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. உடலை மட்டும் பார்த்து அவற்றைப் பிரித்தறிவது மிகக் கடினம். ஆகவே, ஆய்வாளர் உருப்பெருக்கியின் கீழ்க் குமிழைத்தான் முதலில் நோக்குகிறார். குமிழிலிருந்து முன்புறமும் பின்புறமும் பக்கங்களிலும் கிளம்பும் இழைகள் எத்தனை? அவை நீண்டவையா, குறுகியவையா? கிளை பிரிந்தவையா, தனித்தவையா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையே பெரும்பாலும் மீனின் பெயரை உறுதிசெய்கிறது.

இனவிளக்க நூல்களில் உள்ள குமிழ்களின் கோட்டோவியங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு என்றும் சலிப்பதில்லை. ‘ஜைகன்டாக்டிஸ்’ மீனின் தூண்டிற்கோல் அதன் உடலையும்விட நீண்டு வளரக்கூடியது. ‘லேசியோநேதஸ்’ மீனின் குமிழில் தூண்டில் முள்ளை ஒத்த கொக்கிகள் உள்ளன. ‘தௌமடிக்திஸ்’ மீனுக்கோ குமிழ் வாயின் மேற்கூரையிலிருந்து தொங்குகிறது. ‘லினோஃப்ரைனே’ மீனுக்குத் தலையில் ஒரு விளக்கு இருப்பது போதாதென்று, தாடையின் கீழே மரக்கிளைபோல் விரியும் தாடி ஒன்றும் ஒளிர்கிறது. ‘காலோஃப்ரைனே’ மீனுக்குத் தூண்டில் உண்டு. அதில் ஒளிரும் பாக்டீரியாக்கள் இல்லை. ‘நியோசெரேஷியஸ்’ மீனுக்குத் தூண்டிலே இல்லை. இயற்கை ஒரே கருவியை எத்தனை விதமாகச் செய்து பார்த்திருக்கிறது!

இம்மீன்கள் அறிவியலுக்கு அறிமுகமான வரலாறும் தூண்டிலோடு பிணைந்ததே. கிரீன்லாந்தில் கிடைத்த மீன் ஒன்றை டென்மார்க் அறிஞர் ஜொஹன்னஸ் ரைன்ஹார்ட் 1837ஆம் ஆண்டில் விவரித்தார். அம்மீனில் இன்று எஞ்சியிருப்பது தூண்டிற்கோலும் அதன் நுனியும் மட்டுமே. ஆயினும், அச்சிற்றினத்தின் பெயர் நிலைபெற்றிருக்கிறது. உடல் அழிந்தும் தன் அடையாளத்தை அது இழக்கவில்லை.

எனினும், ஓர் அடையாளத்தையே முற்றிலும் நம்பிவிடுவதில் இடர் உண்டு. டேனா என்னும் டென்மார்க் ஆய்வுக்கப்பல் 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றி வந்து ஆழ்கடல் மீன்களைத் திரட்டியது. டேனா பயணங்களில் கிடைத்த தூண்டில்மீன்களை ஆராய்ந்த சார்லஸ் டேட் ரீகனும் எதெல்வின் ட்ரெவாவாஸும் 1932இல் பல புதிய சிற்றினங்களை விவரித்தனர். அவற்றுட் பல, ஒரே ஒரு மீனைச் சான்றாகக் கொண்டவை. பின்வந்த ஆய்வாளர்கள் மேலும் பல மீன்களைத் திரட்டி ஒப்புநோக்கியபோது, தனித்தனிப் பெயர் பெற்றிருந்த சில ஒரே சிற்றினம் எனத் தெரியவந்தது. மீன் வளரும்போது குமிழின் இழைகளும் மாறக்கூடும். வலையில் சிக்கி மேலே வருகையில் தூண்டிற்கோல் முறிந்துபோவதும் உண்டு. முன்னோர் கண்ட வேறுபாடுகளைப் பொய்யென்று நான் எண்ணவில்லை. அவர்கள் கையில் இருந்த சான்று ஒன்றே. சான்றுகள் பெருகியபோது முடிவும் செம்மையுற்றது. அறிவியல் வளரும் முறையே அதுதான்.

இம்முறைக்கு மற்றுமோர் எல்லையும் உண்டு. தூண்டில் பெண் மீனுக்கே உரியது. ஆண் மீனுக்கு அது கிடையாது. ஆண் மிகச் சிறியது. 1922ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து அறிஞர் பியார்னி சேமுண்ட்சன், ஒரு பெரிய தூண்டில்மீனின் உடலில் இரு சிறு மீன்கள் ஒட்டியிருக்கக் கண்டார். அவற்றை அதன் குஞ்சுகள் எனக் கருதினார். அவ்வாறு ஒட்டி வாழும் சிறுமீன்கள் ஆண்களே என்பதை 1925இல் ரீகன் விளக்கினார். சில சிற்றினங்களில் ஆண், பெண்ணின் உடலைக் கவ்விப் பிடித்து, அதன் குருதியோட்டத்தோடே இணைந்து வாழ்கிறது. தனித்துத் திரியும் ஆண் வலையில் அகப்பட்டால், அது எந்தப் பெண்ணின் இனம் என்று தூண்டிலைக் கொண்டு சொல்ல இயலாது. பல ஆண் மீன்களுக்குப் பெரிய கண்களோ விரிந்த நாசியோ அமைந்துள்ளன. எல்லையற்ற இருளில் தன் இனத்துப் பெண்ணைக் கண்டடைய அவை உதவுகின்றன. குமிழின் வடிவமும் அதன் ஒளியும் அத்தேடலில் வழிகாட்டக்கூடும் என ஆய்வாளர் கருதுகின்றனர். அது மெய்யானால், நாம் உருப்பெருக்கியின் கீழ் எண்ணிப் பார்க்கும் அதே வேறுபாட்டை அந்தச் சிறிய ஆண் மீன் நமக்கு நெடுங்காலம் முன்பிருந்தே படித்துவருகிறது எனலாம்.

இவ்வளவு நுட்பமாக இழைகளை எண்ணுவதால் விளையும் பயன் யாது என்று மாணவர் சிலர் வினவுவதுண்டு. அவ்வினா நியாயமானதே. அதற்கு விடையாக நான் சொல்வது மெக்சிகோ வளைகுடாவின் கதையை. 2010ஆம் ஆண்டில் அங்கே டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து, பெருமளவு எண்ணெய் கடலில் கலந்தது. அதனால் இயற்கை வளத்திற்கு நேர்ந்த கேட்டை அளவிட, ஆய்வுக் கப்பல்கள் ஆழ்கடலில் வலை வீசின. அவ்வலைகளில் லேசியோநேதஸ் பேரினத்தைச் சேர்ந்த மூன்று பெண் மீன்கள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரியதன் நீளம் 95 மில்லிமீட்டரே. குமிழில் நூல்போன்ற இரண்டு நீண்ட இழைகள் இருந்தன; அதற்குமுன் அறியப்பட்ட உறவு மீன்களில் அவை இல்லை. 2015இல் தியோடர் பீட்சும் டிரேசி சட்டனும் அதைப் புதிய சிற்றினமாக அறிவித்து, இருநூல் எனப் பொருள்படும் ‘டைனிமா’ என்னும் பெயரைச் சூட்டினர்.

கேடு நேர்ந்த பின்னரே, அந்நீரில் அப்படியொரு மீன் வாழ்கிறது என்பதை உலகம் அறிந்தது. எண்ணெய் பரவுவதற்கு முன் அவை எத்தனை இருந்தன என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை. பெயரில்லாத உயிரின் இழப்பு எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. அதற்காக வழக்காடுவோரும் இல்லை, வருந்துவோரும் இல்லை. ஆழ்கடலின் தரையிலிருந்து கனிமங்களை அள்ள முனைகின்ற இக்காலத்தில், அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டறிவது நம் கடமையாகும். இரண்டு மெல்லிய இழைகளைப் பொறுமையோடு நோக்கி, “இது வேறு” என்று ஒருவர் எழுதிவைத்ததனால், அந்த மீன் காப்பாற்றப்பட வேண்டிய உயிர்களின் பட்டியலில் இடம்பெறும் தகுதியைப் பெற்றது.