பேச வைக்கும் மலை ரயில்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம். மலை ரயிலுக்கோ 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள் என்று ஆடி அசைந்து போகிற ரயில். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கியது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

இந்த ரயிலுக்கு இன்னொரு குணமும் உண்டு. முன்பின் தெரியாதவர்களைப் பேச வைத்துவிடும். பெட்டிக்குள் நடந்து போக வழி கிடையாது. தடுப்புத் தடுப்பாகப் பிரித்து, எதிரெதிரே பெஞ்சு போட்டிருப்பார்கள். எதிரே இருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும்.

அப்படி ஒரு தடுப்பில், ஜன்னலோரம் ஓர் இளம்பெண். ஊட்டியில் முதல் வேலை. மறுநாள் சேர வேண்டும். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவள், வெளியாள் முன்னால் ஊமையாகிவிடுவாள். இனிமேல் லேடீஸ் ஹாஸ்டல், புது ஆபீஸ், எல்லாமே புது முகங்கள். அந்தப் பயத்தை மறைக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லார் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பற்சட்டத்தில் எஞ்சினின் பல்சக்கரம் பிடித்துப் பிடித்து ஏறுகிறது. பின்னாலிருந்து தள்ளுவது நீராவி எஞ்சின். காட்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது. போன் பைக்குள் போனது.

முதல் குகை. கும்மிருட்டு. பெட்டி முழுக்க "ஓ...ய்!" என்று கூச்சல். வெளிச்சம் வந்தபோது எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

"காதே அடைச்சுப் போச்சு கண்ணு" என்றார் எதிரே இருந்த பாட்டி.

"ஆமாங்க" என்றாள். அதோடு சரி. பெரும்பாலான பேச்சுகள் இந்த "ஆமாங்க"வோடுதான் செத்துப்போகின்றன. அடுத்து என்ன பேசுவது என்று மனதுக்குள் அலசுவதற்குள் நேரம் போய்விடும்.

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றது. எல்லோரும் டீக்கு இறங்க, குரங்குகள் கூரையிலிருந்து இறங்கின. பாட்டியின் மடியில் முறுக்குப் பொட்டலம்.

"பாட்டி, முறுக்கைப் பைக்குள்ள வச்சுக்குங்க. குரங்கு உங்களையேதான் பார்க்குது!"

அவளே யோசிக்காமல் சொன்ன முதல் வாக்கியம். பேச்சை ஆரம்பிக்க இதுதான் சுலபமான வழி. இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிற ஒன்றைச் சொன்னால் போதும். பெரிய அறிவு தேவையில்லை.

பாட்டி சிரித்து, ஒரு முறுக்கை நீட்டினார். "நீங்க ஊட்டியில எந்தப் பக்கம் பாட்டி?" என்று கேட்டாள். 'ஆமா, இல்லை'யில் முடியாத கேள்வி. மகள் வீடு, பேரன் படிப்பு, சாயங்காலமானால் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகக் கூடாது என்பது வரை பாட்டி சொல்லிக்கொண்டே வந்தார். அவள் செய்ததெல்லாம் காது கொடுத்துக் கேட்டதுதான். நன்றாகப் பேசத் தெரிந்தவள் என்ற பெயர் அதிலேயே பாதி கிடைத்துவிடும்.

குன்னூரில் எஞ்சின் மாறியது. இனி டீசல். பக்கத்து சீட்டுப் பெரியவர், "என்ன சம்பளம் தர்றாங்கம்மா?" என்றார். ஒரு நொடி தயங்கினாள். "இனிமேதான் சார் வாங்கணும்! ஊட்டியில இப்ப மழை இருக்குமா சார்?" அவரும் சிரித்துவிட்டு மழைக்குத் தாவினார். சொல்ல விருப்பமில்லாததைச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவதும் பேசத் தெரிந்ததில் சேர்த்தி.

கேத்தி வந்ததும் அதே பெரியவர் ஜன்னல் வழியே கை காட்டினார். "'மூன்றாம் பிறை' கடைசி சீன் இங்கதான் எடுத்தாங்க." 1982-ல் வந்த படம். அவள் பிறப்பதற்கு முன்பே வந்தது. "எங்கம்மா அதைப் பார்த்து அழுவாங்க சார்" என்றாள். பாட்டியும் அழுததாக ஒப்புக்கொண்டார். அதுவரை வாய் திறக்காத பாட்டியின் பேரன்கூட, "அப்படி என்ன சோகம் அதுல?" என்று கேட்டான். பெரியவர் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் லவ்டேல் தாண்டிவிட்டது.

உச்சி வேளையில் ஊட்டி. "வர்றேன் பாட்டி, பார்த்துப் போங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டாள். யாரும் யாருடைய நம்பரையும் வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஹாஸ்டல் வாசற்படியில் பெட்டியோடு இன்னொரு பெண் நின்றிருந்தாள். போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் குளிருது இல்லங்க? நீங்களும் இன்னிக்குத்தான் வந்தீங்களா?" என்றாள் இவள்.