ஆட்களை அல்ல, இரவுகளை எண்ணு

யாழ்ப்பாணம்
15.02.2026

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் ஹோட்டலுக்குப் போட்ட வரைபடமும் கிடைத்தன. கீரிமலை வளவில் அறுபது அறை, மேல்மாடியில் நீச்சல் தடாகம், கீழே கலியாண மண்டபம். ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற உன் மனம் ஒவ்வொரு கோட்டிலும் தெரிகிறது. ஆனால் வங்கிக் கடனுக்குக் கையெழுத்து வைக்க முன்னர் நான் சொல்வதைக் கேள். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்: அறுபது அறை வேண்டாம். எட்டு அறை கட்டு.

நீ காட்டிய செய்தி உண்மைதான். போன வருஷம் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்து, 2018இன் உச்சத்தையும் தாண்டிவிட்டார்கள். யுத்தம் முடிந்த 2009இல் வந்தவர்கள் நாலரை இலட்சம்கூட இல்லை என்பதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வருமானத்தைப் பார். 2018இல் நாட்டுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 4.4 பில்லியன் டொலர். கிட்டத்தட்ட அதே அளவு ஆட்கள் வந்த போன வருஷம் கிடைத்தது மூன்று பில்லியனுக்குச் சற்று மேல். ஆட்கள் வந்தார்கள், காசு அந்த அளவுக்கு வரவில்லை.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. 2018இல் ஒருவர் சராசரியாகப் பத்து இரவுக்கு மேல் தங்கினார்; அண்மைய ஆண்டுகளில் அது எட்டரைக்குக் கிட்ட வந்துவிட்டது. இப்போது கூடுதலாக வருவது இந்தியர்கள். 2024இல் மட்டும் நான்கு இலட்சத்துக்கு மேல். பக்கத்து நாடு என்பதால் நாலைந்து நாளில் கொழும்பு, கண்டி, நுவரெலியா பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வாடிக்கை இல்லாத காலத்தில் அறை வாடகையை வெட்டிய ஹோட்டல்களுக்கு அதைத் திரும்ப ஏற்றுவது இலேசாக இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியோடு அனுபவமுள்ள சமையற்காரர்களும் பரிசாரகர்களும் டுபாய்க்கும் கட்டாருக்கும் மாலைதீவுக்கும் போய்விட்டார்கள். கட்டடம் இருக்கிறது, கைகள் இல்லை. நல்ல உபசரிப்பு இல்லாத இடத்தில் யார் இன்னொரு இரவு தங்குவார்?

கடனைப் பற்றி நான் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு நான் ரிசெப்ஷனில் செய்த வேலையெல்லாம் முன்பதிவுகளை இரத்துச் செய்ததுதான். கொஞ்சம் தலைநிமிர்ந்த நேரம் கொரோனா வந்தது. 2021இல் முழு நாட்டுக்குமே இரண்டு இலட்சம் பேர் வரவில்லை. அதையடுத்து 2022இன் எரிபொருள் வரிசை. வங்கிகள் கடன் தவணையைத் தள்ளிப்போட இணங்கின, வட்டி தள்ளிநிற்கவில்லை. நான் பார்த்தவரை அந்தக் காலத்தைத் தாண்டி நின்றவற்றில் அநேகம் கடன் குறைந்த, குடும்பமே ஓடியாடி நடத்திய சின்ன விடுதிகள்தான். எல்லயிலும் அறுகம்பையிலும் அதைக் கண்ணாலே கண்டேன்.

பலாலி விமான நிலையம் பக்கத்திலே இருக்கிறதே என்று எழுதியிருந்தாய். 2019 ஒக்டோபரில் அதைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டெம்பரிலிருந்து இன்டிகோவும் பறக்கிறது. பிறகு திருச்சிக்கும் தொடங்கினார்கள். ஆனால் இங்கே இறங்குவது ஏடிஆர் என்ற சின்ன விமானம்தான், எண்பது இருக்கைக்குள். அதில் வருபவர்களில் பலர் சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறவர்கள். அவர்களுக்கு அறை தேவையில்லை. ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானம் வரும் என்கிறாய். ஆனால் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்த சனத்தில் எத்தனையோ பேர் இன்னும் தங்கள் காணிக்குக் காத்திருக்கிறார்கள். அந்தக் காணிகளின் மேல் ஓடுபாதை நீள்வதை நம்பி நாங்கள் வியாபாரம் தொடங்கக்கூடாது, தம்பி. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

விமான நிலையம் இருந்தால் விருந்தாளி வந்துவிடுவான் என்பதற்கும் நாட்டில் ஒரு பாடம் இருக்கிறது. 2013இல் மத்தளயில் சீனக் கடனில், ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகள் வருவார்கள் என்ற கணக்கில் ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். 2015இல் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸே அங்கிருந்து விலகியது. அதே ஆண்டில் அந்த வளாகத்தில் நெல் சேமித்தார்கள். போவதற்குக் காரணம் உள்ள ஊருக்குத்தான் விமானம் நிரம்பி வரும்.

எங்கள் ஊருக்கு அந்தக் காரணம் நிறையவே இருக்கிறது. இப்போது வரும் வெள்ளைக்காரர் காலையில் கோட்டை, பின்னேரம் நல்லூர், இராத்திரி ஒரு நண்டுக் கறி, மறுநாள் ரயில் என்று ஓடிவிடுகிறார். அவரை இரண்டாம் நாள் நெடுந்தீவுக்குப் படகில் கூட்டிப்போய் குதிரைகளைக் காட்டலாம். மூன்றாம் நாள் கீரிமலைக் கேணியில் குளிக்கவைத்து, நகுலேஸ்வரம் கோயிலின் கதையை ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கொண்டு சொல்லவைத்து, பின்னேரம் முற்றத்தில் ஒடியற்கூழ் கொடுக்கலாம். அப்படி மூன்று இரவு தங்குகிற ஒரு குடும்பம், ஒரே இரவோடு போகிற மூன்று குடும்பத்தை விட எங்களுக்கு மேல். படகுக்காரருக்கும் மீன்காரிக்கும் ஓட்டோக்காரருக்கும் அதில் பங்கு போகும். விரிப்புத் துவைக்கும் செலவும் குறையும்.

எட்டு அறை என்றால் கடன் சிறிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்கள் வராவிட்டாலும் தாங்கும். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு உன்னைப்போல வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களே நிரப்பிவிடுவார்கள். மிச்ச மாதங்களில் ஏறக்குறைய பாதி நிரம்பினாலே போதும். கிணற்று நீரையும் யோசி. கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும். அறுபது அறைக்கும் தடாகத்துக்கும் தண்ணீர் இறைத்தால் அயல் வீட்டுக் கிணறு என்னாகும்?

கலியாண மண்டபத்துக்கு ஒதுக்கிய காசில் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரைக் கொழும்பு ஹோட்டல் பாடசாலைக்கு அனுப்புவோம். கட்டடம் எழும்பும்போதே அவர்களும் தொழில் பழகி வந்துவிடுவார்கள். குசினியையும் முன்வாசலையும் அவர்களே பார்க்கட்டும். நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறேன்.

எட்டு அறைக்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்கை அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன். அதுவரை வங்கிக்காரரிடம் ஒரு கையெழுத்தும் வைக்காதே. மச்சாளுக்கும் மருமக்களுக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா