தூக்கினால் தப்பும் ஷாஃப்ட்! பழவேற்காட்டுப் படகுகளின் என்ஜின் கதை

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாக வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. பூநாரைகளைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு பக்கம், வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்கு வந்தால், 'டக டக டக' என்று டீசல் என்ஜின் சத்தம் காதைப் பிளக்கும். சத்தம் வரும் படகின் பின்பக்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆள் உயரத்தைவிட நீளமான ஒரு இரும்புத் தண்டு, வால் போல வெளியே நீண்டிருக்கும். அதன் நுனியில் கைப்பிடி அளவுக்குச் சின்னதாக ஒரு புரொப்பெல்லர்.

இந்த வாலுக்குக் காரணம் ஏரியின் ஆழம்தான். அல்லது, ஆழமின்மை!

ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும்தான் தமிழ்நாட்டுக்கு. இவ்வளவு பெரிய ஏரியில் பல இடங்களில் ஒரு ஆள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றே வலை போடலாம். கோடையில் அதுவும் குறையும். இப்படிப்பட்ட இடத்தில், அடிப்பாகத்தில் நிரந்தரமாகப் புரொப்பெல்லர் பொருத்திய படகு என்ன ஆகும்? சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும்.

அதனால்தான் 'லாங் டெயில்'. தாய்லாந்துக் கால்வாய்களில் சுற்றுலா போனவர்கள் இதே மாதிரி வால் படகுகளைப் பார்த்திருப்பார்கள். படகின் பின்முனையில் ஒரு சுழல் தாங்கி. அதன் உள்பக்கம் என்ஜின், வெளிப்பக்கம் ஷாஃப்ட். நம் ஊர்க் கிணற்று ஏற்றம் மாதிரிதான்; ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கும். ஓட்டுபவர் கைப்பிடியை அழுத்தினால் புரொப்பெல்லர் தண்ணீருக்கு மேலே வந்துவிடும். இடது, வலது திருப்பினால் படகும் திரும்பும், தனியாகச் சுக்கான் வேண்டாம். மணல் திட்டு வந்தால் தூக்கு, தாண்டியதும் இறக்கு. அவ்வளவுதான்.

மலை ஏறும் பழைய ஜீப்பில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கும், பார்த்திருப்பீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற கியர் பெட்டியை இயக்குவது அதுதான். என்ஜினின் விசையை முன்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுத்து, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப்புக்குச் சகதியிலும் பாறையிலும் அதுதான் உயிர். சாதாரண லாங் டெயிலில் அப்படி இரண்டாவது லீவர் கிடையாது. கியரே இல்லாமல் ஷாஃப்ட்டை என்ஜினோடு நேரடியாக இணைப்பதுதான் எளிய வகை. பின்னால் போக ரிவர்ஸும் இல்லை. எந்தத் தண்ணீரில் எவ்வளவு இறக்குவது என்பதை ஓட்டுபவரின் கைதான் முடிவு செய்கிறது.

ஜீப்போடு இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பழைய டிரான்ஸ்ஃபர் கேஸை எடுத்துவிட்டு வேறு வண்டியினுடையதைப் பொருத்தும்போது போல்ட் துளை சேர்ந்தால் மட்டும் போதாது. ஷாஃப்ட் நீளம், சாயும் கோணம், கியர் விகிதம் எல்லாம் ஒத்துவர வேண்டும். படகில் தேய்ந்த என்ஜினை மாற்றும்போதும் இதே தலைவலிதான்.

உப்புக்காற்றில் இரும்பு ரொம்ப நாள் தாங்காது. ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் புஷ், மணல் கலந்த தண்ணீரிலேயே சுற்றுவதால் சீக்கிரம் தேயும். புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும், ஆடினால் அதிர்வு என்ஜின் வரை போகும். என்ஜினும் போய்விட்டது என்றால் முதல் கேள்வி எடை. புது என்ஜின் கனமாக இருந்தால், தராசு உள்பக்கம் சாய்ந்து ஷாஃப்ட் தண்ணீரில் அமிழாமல் மிதப்பு காட்டும். நாள் முழுக்கக் கையால் பிடித்து வைத்திருக்க வேண்டும். லேசாக இருந்தால், மணல் திட்டில் சட்டென்று தூக்கவே முடியாது.

அடுத்தது சுற்றும் திசை. என்ஜின் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கேற்ற புரொப்பெல்லர் வேண்டும். மாறிப் போட்டால் படகு பின்னோக்கி நகரும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், அலையில் மாட்டியவர்களுக்குச் சிரிப்பு வராது. குதிரைத்திறன் கூடிய என்ஜினைப் பழைய சின்னப் புரொப்பெல்லரோடு ஓட்டினால், அது வீணாகச் சுழன்று தண்ணீரைக் கலக்கும், டீசல்தான் தீரும். புரொப்பெல்லர் பெரிதாகி என்ஜின் சிறிதானாலோ கரும்புகை தள்ளித் திணறும்.

'கரையில் ஏற்ற வேண்டிய படகுக்கு எப்படி என்ஜின் வைப்பது' என்ற கேள்விக்குச் சென்னையிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் ஸ்வீடன் உதவியோடு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையை மையமாகக் கொண்டு இயங்கியது. அதில் உருவானதுதான் 'பாப் டிரைவ்'. படகுக்குள் இருக்கும் டீசல் என்ஜினும் ஷாஃப்ட்டும் ஒன்றாகச் சாய்ந்து, கரை ஏறும்போது புரொப்பெல்லர் மேலே வந்துவிடும் ஏற்பாடு. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. ஷாஃப்ட்டைத் தூக்கி இறக்கும் அதே யுக்திதான் லாங் டெயிலாக அவற்றோடு ஊருக்கு ஊர் ஓடுகிறது.

இவ்வளவு யுக்தியும் ஒரு இடத்தில் தோற்றுப்போகும். அது முகத்துவாரம். லைட் ஹவுஸ் குப்பம் அருகே ஏரி கடலோடு சேரும் வாய் அது. மீனவர்கள் கடலுக்குப் போக, இறால் குஞ்சு ஏரிக்குள் வர, எல்லாவற்றுக்கும் இந்த வாசல்தான் முக்கியம். அலைகள் மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருப்பதால் இது அடிக்கடி தூர்ந்துவிடும். ஷாஃப்ட்டைத் தூக்கினால் படகுக்கு விசை இல்லை, இறக்கினால் மணலில் அடிக்கும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஒரு அலை அடித்தால் படகு கவிழ்ந்துவிடும். இருபுறமும் தடுப்புச் சுவர் கட்டி முகத்துவாரத்தை நிலைப்படுத்தும் திட்டத்துக்கு அரசு 26.85 கோடி ரூபாய் அனுமதித்தது, மீனவர்களின் நீண்டகாலக் கோரிக்கையால்தான்.

சுற்றுலா வருகிறவர்கள் மறக்கக் கூடாத ஒரு தேதி, 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாளில் சவாரி போன படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. 'கொஞ்ச தூரம்தான் சார், வாங்க' என்று யாராவது கூப்பிட்டால், குழந்தைகளோடு ஏறிவிடாதீர்கள். தண்ணீர் இடுப்பளவு என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், முகத்துவாரத்தின் இழுப்பு வேறு கணக்கு.

படகைப் பார்க்கப் படகில் ஏற வேண்டியதே இல்லை. காலையில் கரையில் நின்றால் போதும். மீனோடு திரும்பும் படகுகள் ஒவ்வொன்றாகத் திட்டை நெருங்கும். என்ஜின் சத்தம் குறையும், பின்னால் நிற்பவர் கைப்பிடியை அழுத்துவார், நீளமான வால் சொட்டச் சொட்ட மேலே எழும். முன்னால் நிற்பவர் கழியை ஊன்றித் தள்ளுவார். திட்டைத் தாண்டியதும் வால் மறுபடி தண்ணீருக்குள் போகும். 'டக டக டக'.