மூன்றாந் தரம்

கடந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, என் மகனுடைய கைத்தொலைபேசிக்கு நான்கு வரிகளில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவ்வாண்டு விண்ணப்பித்தோர் தொகை மிகுதியாக இருந்தமையால் மருத்துவ பீடத்தில் அவனுக்கு இடமளிக்க இயலவில்லை என்றும், அவனுடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துவதாகவும் அப்பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. அவன் அதனை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினான். பின்னர் ஒன்றும் பேசாமல் தன் அறைக்குட் சென்று கதவைச் சாத்திக்கொண்டான். ஜெபல் அலியிற் களஞ்சியக் கணக்கராகப் பணிபுரியும் என் கணவர் இரவு வீடு திரும்பியபோது, சாப்பாட்டு மேசையில் மூன்று கோப்பைகளும் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தன.

இந்தச் செய்தியைப் பத்திரிகையில் எழுதுவதற்கு எனக்கு ஓராண்டு தேவைப்பட்டது. மருத்துவம் கிடைத்த பிள்ளையின் படத்தை நாம் பெருமையுடன் பிரசுரிக்கின்றோம். கிடைக்காத பிள்ளையின் கதையை எவரும் எழுதுவதில்லை. ஆனால் கிடைத்தவர்களிலும் கிடைக்காதவர்களே எப்போதும் பலர். அவர்களுடைய வீடுகளில் அன்றிரவு என்ன நிகழ்கின்றது என்பதை, அவ்வீடுகளுள் ஒன்றின் தாயாக நான் அறிவேன். அதற்கு முன்னரும் அறிவேன். ஏனெனில் நானும் ஒரு காலத்தில் அந்தப் பிள்ளையாக இருந்தவள்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதுபோன ஆண்டுகளில் உயர்தரம் படித்தவர்களுள் நானும் ஒருத்தி. தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என அக்காலத்தில் நான்கு பாடங்கள். மண்ணெண்ணெயின் விலை எட்டாத உயரத்தில் நின்றது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் இட்டு, சொட்டுச் சொட்டாக எண்ணெய் வார்த்து எரித்த விளக்கின் முன் நானும் தம்பியும் எதிரெதிரே இருந்து படிப்போம். முதற்றரம் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்தன. இரண்டாந் தரம் அதனிலும் குறைந்தன.

எங்கள் வீட்டில் அதற்கு ஆயத்தமான விளக்கம் ஒன்று இருந்தது. என் பெரிய மாமா தரப்படுத்தலின் காலத்தவர். 1970-71 அனுமதியில் மருத்துவத்துக்குத் தெரிவாவதற்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400 க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகளும் வேண்டப்பட்டன. அந்த 21 புள்ளிகள் ஒரு தலைமுறையின் நெஞ்சில் ஆறாத புண்ணாக நின்றதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1974 இல் மாவட்ட அடிப்படை வந்தது. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்தது. அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியோ உயர்ந்தே நின்றது. ஆகவே எங்கள் வீட்டில் எவருக்கு இடம் தவறினாலும் “அநியாயம்” என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அது பொய்யன்று. ஆனால் அந்த ஒரு சொல்லின் பின்னால் நான் வேறொன்றையும் ஒளித்துவைத்தேன் என்பதைச் சென்ற ஆண்டு வரை எவரும் அறியவில்லை.

இலங்கையில் உயர்தரத்துக்கு மூன்று தரம் தோற்றலாம். நான் மூன்றாந் தரம் எழுதவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் “சண்டை, எழுத முடியேல்லை” என்று சொன்னேன். என் கணவரிடமும் அவ்வாறே சொன்னேன். பின்னர் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்து, வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்று, நிரந்தர நியமனமும் பெற்றேன். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து நடந்த இரவில் நாவற்குழிப் பாதையில் ஒரு துணிப்பையுடன் நடந்தவர்களுள் நானும் ஒருத்தி. அந்தப் பைக்குள் பட்டச் சான்றிதழோடு, எழுதாத மூன்றாம் பரீட்சையின் அனுமதி அட்டையும் இருந்தது. அதனை ஏன் கொண்டுவந்தேன் என்று அன்று எனக்கே தெரியாது.

மின்னஞ்சல் வந்த மூன்றாம் நாள், தன் பிறப்புச் சான்றிதழைத் தேடிய மகன் அந்த அட்டையைக் கண்டெடுத்தான். மடிப்புகளில் கிழிந்து, எழுத்து மங்கியிருந்தது. “அம்மா, அட்டை வந்திருக்கு. பிறகேன் நீங்கள் எழுதேல்லை?” என்று கேட்டான்.

“சண்டை, தம்பி” என்றேன்.

“அப்ப மற்றப் பிள்ளையள் எழுதினவையா?”

அந்தக் கேள்விக்கு முப்பது ஆண்டுகளாக எவரும் என்னை உட்படுத்தவில்லை. எழுதினார்கள். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் எழுதினாள். அவளுக்கும் மருத்துவம் கிடைக்கவில்லை. விஞ்ஞான பீடம் கிடைத்தது. பரீட்சைக்கு முதல்நாளிரவு எங்கோ தொலைவில் ஷெல் விழுந்த சத்தம் கேட்டது உண்மை. காலையில் வீதி அமைதியாக இருந்ததும் உண்மை. அப்பா சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்திவைத்திருந்தார். நான் வயிற்றுவலி என்று பாயிற் படுத்துக்கொண்டேன். மூன்றாந் தரமும் தவறினால் அதற்குப் பின் என்னைப் பற்றிச் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது என்று அஞ்சினேன். எழுதாவிட்டால், “எழுதியிருந்தால் கிடைத்திருக்கும்” என்ற ஒரு வாக்கியமாவது எஞ்சும்.

இதனை மகனிடம் சொன்னேன். அவன் நெடுநேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர், “எனக்கும் அப்பிடித்தான் இருக்கு” என்றான். மறுபடியும் விண்ணப்பிப்பதில்லை, கணக்கியல் படிக்கப்போவதாக அப்பாவிடம் சொல்வது என்று அவன் முடிவு செய்திருந்தானாம். கணக்கியலில் விருப்பமா என்று கேட்டேன். இல்லை என்றான்.

நாங்கள் மூவரும் ஒன்றாக அமர்ந்து முதலிற் செய்தது காரணத்தை ஆராய்ந்தமையே. மகன் பல்கலைக்கழகத்துக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதி, தன் விண்ணப்பத்தின் குறை யாது எனக் கேட்டான். எல்லா நிறுவனங்களும் இதற்குப் பதில் தருவதில்லை. எமக்கு ஒரு வரி கிடைத்தது. புள்ளிகள் போதுமானவை, நேர்முகத் தேர்வில் பின்தங்கிவிட்டான். நேர்முகத் தேர்வு நாங்கள் அறிந்ததுபோல் ஒரு மேசையின் முன் நடப்பதன்று. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000 களின் தொடக்கத்தில் உருவாகி உலகெங்கும் பரவிய முறை அது. மாணவன் பல சிறு அறைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வான். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களில் ஒரு நிலைமையைக் கையாள வேண்டும். துயரச் செய்தியை ஒருவருக்கு எவ்வாறு சொல்வாய் என்று ஓர் அறையிற் கேட்டிருக்கிறார்கள். என் மகன் மனனம் செய்த விடையை ஒப்புவித்தான். ஒப்புவித்தல்தான் நான் அவனுக்குக் கற்பித்தது. நான் நல்ல ஆசிரியையாக இருந்தேன். ஆனால் பரீட்சைக்குக் கற்பித்த ஆசிரியை.

அடுத்து விசாவைப் பற்றிப் பேசினோம். இது வளைகுடாவில் வாழ்பவர்களுக்கே உரிய கவலை. ரொறொன்ரோவிலோ லண்டனிலோ ஒரு பிள்ளை ஓராண்டு வீட்டிலிருந்து ஆயத்தம் செய்தால் ஊர்வாய்க்கு மட்டும் அஞ்சினாற் போதும். இங்கு நாம் குடிகள் அல்லர். தொழில் உள்ளவரையில்தான் தங்கலாம். முன்னர் மகனைத் தந்தையின் விசாவில் வைத்திருக்கும் வயது 18 உடன் முடிந்தது. அதற்குமேல் படிப்புச் சான்று முதலிய நிபந்தனைகள் இருந்தன. 2022 ஒக்டோபர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் அந்த எல்லையை 25 ஆக உயர்த்தியது. திருமணமாகாத மகளுக்கு வயதெல்லை இல்லை. ஆகவே எங்கள் மகனுக்கு வீட்டிலிருந்து மீண்டும் முயல வழி இருந்தது. என் கணவரின் வேலை நிலைக்கும்வரை. அதையும் மறைக்காமல் மகனுக்குச் சொன்னோம்.

பிற வழிகளையும் எண்ணிப் பார்த்தோம். வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்கு இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ஒதுக்கப்படும் இடங்கள் மிகச் சிலவே. பிற நாட்டிற் பட்டம் பெற்று இலங்கை திரும்புவோர் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைந்த பின்பே அங்கு வைத்தியராகப் பதிவு பெறலாம். பிரித்தானியாவில் ஓர் ஆண்டில் நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். எங்கள் மாடியில் வசிக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தின் பிள்ளை இந்தியாவின் நீட் தேர்வை இரண்டாவது தடவை எழுதினாள். 2021 முதல் அதனை டுபாயிலேயே எழுதலாம். 2024 பெப்ரவரியில் வெளிநாட்டு நிலையங்கள் எவையுமின்றி அறிவிப்பு வெளியானபோது அக்குடும்பம் பட்ட பதற்றத்தை நேரிற் கண்டேன். பின்னர் 14 வெளிநாட்டு நகரங்கள் சேர்க்கப்பட்டன. நீட் தேர்வை எத்தனை தடவையும் எழுதலாம். உச்ச வயதெல்லையும் 2022 இல் நீக்கப்பட்டது. எல்லையின்மை ஒரு வரம் என்றே முதலில் எண்ணினேன். அப்பிள்ளையின் தாயாரோ, “எப்ப நிறுத்தறதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்களே, டீச்சர்” என்று ஒருநாள் மின்தூக்கியில் நின்றபடி கண்கலங்கினார்.

அதைக் கேட்ட பின்னரே என் மகன் தனக்கு ஓர் எல்லையைத் தானே வகுத்தான். மொத்தம் மூன்று தரம். ஒன்று முடிந்தது, இன்னும் இரண்டு. அதற்குப்பின் இயன்மருத்துவம் படிப்பது. அப்படிப்பைத் தண்டனையாக அன்றி விருப்பமாகவே தெரிவு செய்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு.

அவன் நோயாளரை அருகிருந்து கண்டதில்லை என்பதே குறையாயின் அதைப் போக்க வேண்டும். இந்நாட்டில் நினைத்தவுடன் தொண்டு செய்ய இயலாது. அனுமதி பெற்ற அமைப்பின் வாயிலாகப் பதிந்தே செய்ய வேண்டும். அவ்வாறு பதிந்து, தொழிலாளர் குடியிருப்புகளில் நடக்கும் இலவச மருத்துவ முகாம்களில் மொழிபெயர்ப்பாளனாகச் சென்றான். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை மதியம் 12.30 இலிருந்து 3 மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்குதல் இங்கு தடை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வெயில்தானே. முதுகுவலியும் முழங்கால் வலியுமே அங்கு வருவோரின் பெரும்பான்மை முறையீடுகள்.

முதல்நாள் இராமநாதபுரத்து முதியவர் ஒருவர் “நெஞ்சு கரிக்குது” என்றாராம். மகன் அதனை நெஞ்சுவலி என்று ஆங்கிலத்தில் வைத்தியருக்குச் சொல்ல, அனைவரும் பரபரப்படைந்தனர். கரிப்பது வேறு, வலிப்பது வேறு என்று முதியவர் பொறுமையாக விளக்கினாராம். வீட்டுக்கு வந்து, “அம்மா, அந்த ஐயா சொன்னதை நான் கேக்கேல்லை, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிப்போட்டன்” என்றான். நேர்முகத் தேர்வில் தான் செய்ததும் அதுவே என்று அவனாகவே கண்டுகொண்டான். நான் ஆயிரம் தடவை சொல்லியும் ஏறாத பாடம்.

என்னிடத்திலும் திருத்த வேண்டியது ஒன்று இருந்தது. ஸ்காபரோவிலிருந்து மச்சாள் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், “அவனுக்கு இடம் வரும், கடிதம் பிந்துது” என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த அறையில் இருந்தான். தான் வெட்கப்பட வேண்டியவன் என்பதை அவனுக்கு அறிவித்தது பல்கலைக்கழகம் அன்று, என் குரலே. ஒருநாள் துணிந்து, “கிடைக்கேல்லை மச்சாள், திரும்பவும் போடுறான்” என்றேன். மறுமுனையில் சற்று மௌனம். பின்னர் தன் மூத்தவள் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டதையும், ஊரார் அறியாதபடி மறைத்ததையும் மச்சாள் சொன்னாள். இரு சமுத்திரங்களுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே பொய்யை இரு பெண்கள் பாதுகாத்திருக்கின்றோம்.

வாசகர்களுக்கு, சிறப்பாகத் தாய் தந்தையர்க்கு, ஓர் ஆசிரியையாக அன்றி ஒருமுறை பின்வாங்கியவளாக இதனைச் சொல்கின்றேன். அநீதி உண்டு. எமக்கு அது நேர்ந்தது. அதை எம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு தவறுதலுக்கும் அதனையே விடையாகக் கொடுத்தால், பிள்ளை தன்னால் திருத்தக்கூடியதையும் திருத்தாது. எதனால் தவறியது என்று கேட்டறியுங்கள். எத்தனை தரம் என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். இரண்டாவது வழியை முதலிலேயே தெரிந்துவைத்தல் தோல்வியை அழைப்பதாகாது. அது அச்சத்தைக் குறைக்கும். மிக முக்கியமாக, தொலைபேசியில் நீங்கள் சொல்வதைப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கின்றது என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது விண்ணப்பம் இவ்வாரம் போகின்றது. பழைய அனுமதி அட்டையை எறிந்துவிடலாமா என்று மகனிடம் கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றான். இம்முறை இடம் கிடைத்தாற் பத்திரிகைக்கு எழுதுவேன். கிடைக்காவிட்டாலும் எழுதுவேன்.