மௌன மண்டலம்

கணினித் திரையில் ஒரு நுரையீரல் மூச்சு விடுவதை முதன்முறையாகப் பார்த்தபோது, தலைகீழாக நட்ட மரமொன்றுக்குள் காற்று புகுவதாகவே தோன்றியது. குரல்வளையின் இடுக்கில் சிவப்புத் தாரையாகப் பீறிடும் காற்று, மூச்சுக்குழலின் சுவரில் மோதிச் சுழன்று இரண்டாகப் பிரிகிறது. பிறகு நான்கு, எட்டு, பதினாறு. வேகம் குறையக் குறைய நிறம் மஞ்சளாகி, பச்சையாகி, நீலத்தில் அடங்குகிறது. நாவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைப் பல லட்சம் சிறு கட்டங்களில் தீர்த்துப் பெற்ற ஓவியம் அது. அழகுதான், சந்தேகமில்லை.

ஆனால் அந்த மரம் எங்கே முடிகிறது? மூச்சுக்குழல் தொடங்கிக் காற்றுப்பைகள் வரை 23 முறை கிளை பிரிவதாக எவால்ட் வைபெல் 1963-இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டார். வழக்கமான சி.டி. ஸ்கேனிலோ 2 மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாய்கள் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே பல மாதிரிகள் அங்கேயே கிளையை வெட்டி நிறுத்திவிடுகின்றன. அல்லது ஒரு சூத்திரத்தைக் கொண்டு மீதியை வளர்த்துக்கொள்கின்றன. மேல்பாதி அந்த நோயாளியின் மரம். கீழ்ப்பாதி யாருடையதும் அல்ல.

என் அம்மாவின் நோய் அந்தக் கீழ்ப்பாதியில் இருந்தது. முப்பது வருட விறகடுப்பு. மாடிப்படியின் நடுவில் நின்று, தொட்டிச் செடியைப் பார்ப்பவள்போல மூச்சு வாங்கிக்கொள்வாள். இத்தகைய நோயில் அடைப்பு பெரும்பாலும் இச்சிறு குழாய்களிலேயே நேர்கிறது என்பதை ஹாக், மேக்லெம், தர்ல்பெக் மூவரும் 1968-இல், இறந்தவர்களின் நுரையீரல்களில் அளந்து காட்டினர். ஒரு குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். எனினும் ஆயிரக்கணக்கான குழாய்கள் அருகருகே இருப்பதால், பல அடைபட்ட பிறகும் ஊதிப் பார்க்கும் சோதனையில் பெரிய மாற்றம் தெரியாது. மீட் என்ற உடலியலாளர் 1970-இல் இப்பகுதிக்கு இட்ட பெயரை 'மௌன மண்டலம்' என்று தமிழாக்கலாம்.

கணினி இங்கே பயனற்றது என்று சொல்லவில்லை. இன்ஹேலர் மருந்தில் 5 மைக்ரானுக்கும் பெரிய துகள்கள் ஏன் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்கின்றன என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது: காற்று வளைகிறது, கனத்த துகளால் வளைய முடிவதில்லை. தப்பி ஆழத்துக்குப் போகும் நுண்துகளின் கதை வேறு. கடைசிக் கிளைகளில் காற்று ஓடுவதில்லை, ஊறுகிறது. துகள் மெல்ல இறங்கிப் படிய அவகாசம் வேண்டும். மருந்தை இழுத்ததும் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொல்வது இதற்காகத்தான். அம்மா நாலுக்கு மேல் எண்ணியதில்லை.