ஒன்பது மாதக் கணக்கு

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அம்மாவுக்குப் புரியவைக்கப் பல வருடம் ஆனது. சாஃப்ட்வேர், புராஜெக்ட், கிளையண்ட் என்று எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள், "மேஸ்திரி வேலைம்மா" என்றேன். "அப்பிடிச் சொல்லு மக்கா" என்றாள்.

அம்மாவுக்கு மேஸ்திரிகளைத் தெரியும். கருங்கல் பக்கம் அண்டியாபீசில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள். முந்திரி ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கொட்டை உடைப்பதும் தோல் உரிப்பதும் தரம் பிரிப்பதும் பெண்கள். உடைப்பதற்கும் உரிப்பதற்கும் கூலி, கிலோ கணக்கில். ஓட்டு எண்ணெய் பட்டு வெந்த அவள் விரல்களில் ரேகை இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அந்தக் கூலியில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன்.

2022-ல் என் டீமில் ஏழு பேர். நான் கருங்கல் வீட்டு மாடியறையிலிருந்தும், மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்தும் வேலை பார்த்தோம். அதில் ஒருத்தி எங்கள் மாவட்டத்துப் பெண். மூன்றாம் மாதத்தில் என்னிடம் மட்டும் சொன்னாள்: "அக்கா, அப்ரைசல் முடியட்டும். அதுவரை யாருக்கும் தெரியாண்டாம்." நான் சொல்லவில்லை. அதை அவளுக்குச் செய்த உதவி என்று நினைத்துக்கொண்டேன்.

தேதி தள்ளிப்போனது. மேலிடம் மூன்று பேரைக் கூடுதலாகக் கொடுத்தது. சாஃப்ட்வேர் நிர்வாகம் படித்த யாருக்கும் ஃப்ரெட் புரூக்ஸைத் தெரியும். ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய திட்டமொன்றை நடத்திய அனுபவத்தில், 1975-ல் 'தி மித்திக்கல் மேன்-மன்த்' எழுதியவர். தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்ட விதி. ஏழு பேர் ஒருவரோடொருவர் பேச 21 இணைப்புகள் போதும். பத்துப் பேருக்கு 45 வேண்டும். புதியவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். இதை விளக்க அவர் சொன்ன உதாரணம் பிள்ளைப்பேறு: எத்தனை பெண்களை வேலைக்கு வைத்தாலும் அதற்கு ஒன்பது மாதம் ஆகும்.

எத்தனையோ மீட்டிங்கில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்த உதாரணத்திலிருக்கும் பெண், அதே மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. தெரிந்த நானும் சேர்ந்து சிரித்தேன்.

பணம் செலுத்தும் பகுதியை முழுதாக அறிந்தவள் அவள்தான். அதனால் மூவருக்கும் பகலில் சொல்லிக்கொடுத்தாள். தன் வேலையை இரவில் செய்தாள். என் அட்டவணையில் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அதனால் அவள் பின்தங்கியதாகவே சிவப்பில் காட்டியது. ஐந்தாம் மாதத்தில் ஓர் இரவு, "கொஞ்சம் முடியல அக்கா" என்று எழுதினாள். "பத்து நிமிஷம் போதுமா?" என்று கேட்டேன். அவளுக்கு இரத்தப்போக்கு இருந்தது.

பிள்ளை தப்பியது. வேலைதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லவரவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் நான் கேட்டது. 2017-ல் திருத்திய சட்டம் 26 வாரம் வரை சம்பளத்தோடு விடுப்பு தந்தது. அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது 8 வாரம். அதற்கும் முந்திய மாதங்களைப் பெரும்பாலும் மேஸ்திரியின் கையில்தான் விட்டிருக்கிறார்கள். விடுப்பு முடிந்தும் அவள் திரும்பி வரவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்க ஆபீஸ்ல ஒருத்தி சூலியா இருந்தா, பக்கத்துல இருக்கவளுவ ஆளுக்கொரு பிடி பருப்ப அவளுக்க பாத்திரத்துல போடுவோம். எடை கொறயாதில்லா? மேஸ்திரிக்குத் தெரியவே தெரியாது" என்றாள். பிறகு, "ஒங்க கூட்டத்துல யாரு போட்டா?" என்று கேட்டாள்.

யாரும் போடவில்லை. நான்தான் மேஸ்திரி.

அந்த ஒரு பிடியை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, கோபமும் வருகிறது. கிலோக் கூலியில் வாழ்ந்தவர்கள் தங்கள் கூலியைப் பகிர்ந்து, முதலாளி தரவேண்டியதைத் தந்தார்கள். அவருக்கு ஒரு காசு செலவில்லை. சொல்லிக்கொடுப்பது, சோர்ந்தவரை விசாரிப்பது, சண்டை தீர்ப்பது என எங்கள் டீமிலும் பெண்கள் இப்படித்தான் கணக்கில் வராமல் பிடி பிடியாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நல்ல மனசு என்று பாராட்டு கிடைக்கும். அப்ரைசலில் மதிப்பெண் கிடைக்காது.

இப்போது என் அட்டவணையில் எட்டு மணி நேரத்தில் ஆறைத்தான் வேலைக்கு எழுதுகிறேன். சொல்லிக்கொடுப்பவர் பெயரில் அதற்கான மணிகளைத் தனி வரியாகப் போடுகிறேன். தேதி தள்ளும் என்று தெரிந்தால் ஆள் கேட்பதில்லை. கிளையண்டிடம் முன்பே சொல்லி நாள் கேட்கிறேன். போன முறை மேலிடத்திலிருந்து, "இந்த வரி எதற்கு? எடுத்துவிடலாமே" என்றார்கள்.

எடுக்கவில்லை. அந்த வருடம் என் அப்ரைசலில் ஒரு படி குறைந்தது. அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெந்த விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.