எந்தத் திரை நம் வீட்டுக்கு?

வீட்டில் கணினி இருக்கிறது என்று சொல்வது இப்பொழுது பெருமைக்குரிய செய்தியல்ல. தோட்டத்து லயத்திலும் இருக்கிறது, பட்டணத்துத் தாமானிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு திரை வாங்கக் கடையேறும்போதுதான் நம்மில் பலருக்குத் தலை சுற்றிவிடுகிறது. கடைக்காரர் ஃபுல் எச்டி, டூகே, ஃபோர்கே என்று அடுக்குகிறார். பிள்ளைகள் அவற்றுள் பெரியதைக் கேட்கிறார்கள். அப்பாமார்கள் சிறியதைக் காட்டுகிறார்கள். நடுவில் நின்று இருபக்கமும் தலையாட்டுவது தாய்மார்களாகிய நாம்தான். சென்ற தீபாவளிக்கு முன்பு எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு மூன்று வாரம் ஓடியது. அதில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை வாசக சகோதரிகளுக்கும் சொல்லலாமே என்று எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஜாசினில். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் ஆயர் குரோ தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறேன். மூத்தவன் ஐந்தாம் படிவம் முடித்து மேற்படிப்புக்குக் காத்திருக்கிறான். மகள் இரண்டாம் படிவம். எங்களோடு என் மாமியாரும் இருக்கிறார். டைமண்ட் ஜூபிலி தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். ஆறாம் வகுப்பு வரைதான் படிப்பு; ஆனால் தமிழ் எழுத்து எங்கே கிடந்தாலும் எடுத்துப் படித்துவிடுவார், மளிகை கட்டி வந்த தாளைக்கூட விடமாட்டார். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' வந்துகொண்டிருந்த வரையில் அதுதான் அவருக்குக் காலைப் பலகாரம். இப்பொழுது பேரன் கணினியில் திறந்துவிடும் செய்திகளையும் தொடர்கதைகளையும் படிக்கிறார்.

இப்படி ஒரே கணினிக்கு நான்கு உரிமையாளர்கள். பதினெட்டரை அங்குலப் பழைய திரையில் ஒரு நாள் குறுக்கே கோடு விழுந்தது. மறுவாரம் படமே அணைந்துவிட்டது. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

மகன் கேட்டது 27 அங்குல ஃபோர்கே. நாங்கள் விசாரித்த கடைகளில் அது 1,180 வெள்ளி. அதே அளவில் டூகே 720 வெள்ளி. 24 அங்குல ஃபுல் எச்டி 380 வெள்ளி. விலையை வெள்ளியாகப் பார்ப்பதைவிட நாளாகப் பார்ப்பது என் வழக்கம். 2025ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. அந்தக் கணக்கில் ஃபுல் எச்டி ஏறக்குறைய ஆறு நாள் உழைப்பு. டூகே பதினொரு நாள். ஃபோர்கே பதினெட்டு நாள், அதாவது முழுதாக மூன்று வாரம். "வெளையாட்டுக்கு மூணு வாரக் கூலியா?" என்றார் என் வீட்டுக்காரர். மகன் பதில் பேசவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். வளர்ந்த பிள்ளை இருக்கும் வீடுகளில் அந்த மௌனம் எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, இந்த ஃபுல் எச்டியும் ஃபோர்கேயும்தான் என்ன? துரியான் துங்கலில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அண்ணன் மகன் வந்திருந்தபோது கேட்டேன். அவன் ஏதேதோ சொன்னான். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது வாசல் கோலம்தான். திரையில் தெரியும் படம் முழுவதும் புள்ளிகளால் ஆனது. வாசல் அதே வாசல். அதில் ஒன்பது புள்ளி வைத்தும் மயில் போடலாம், இருபத்தொரு புள்ளி வைத்தும் போடலாம். புள்ளி நெருங்கினால் மயிலின் கழுத்து வளைவு நயமாக வரும். ஆனால் மாவும் கூடச் செலவாகும், குனிந்த இடுப்பும் கூட நேரம் நோகும்.

ஃபுல் எச்டி என்பது குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 வரிசை. பெருக்கினால் இருபது லட்சத்துக்குச் சற்று மேல். கடைகளில் டூகே என்று விற்பது 2,560க்கு 1,440. முப்பத்தாறு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். ஃபோர்கே 3,840க்கு 2,160. எண்பத்திரண்டு லட்சத்துக்கும் அதிகம். ஃபுல் எச்டியைப் போல் சரியாக நான்கு பங்கு. பெயரைப் பார்த்து டூகேயைப் போல் இரண்டு பங்குதான் ஃபோர்கே என்று நினைத்துவிடாதீர்கள்.

புள்ளியின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தாலும் போதாது. வாசலின் அகலத்தையும் பார்க்க வேண்டும், எட்ட நிற்கும் தூரத்தையும் பார்க்க வேண்டும். இதை நாம் அந்த நாளிலேயே கண்டவர்கள்தாம். நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் தேதி தொடங்கியது. வண்ணம் வந்தது 1978ஆம் ஆண்டு அதே தேதியில். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சி. தமிழ்ப்படம் போடும் நாளில் தோட்டமே அங்கேதான். அந்தப் படம் 625 கோடுகளால் ஆனது. அவற்றில் கண்ணுக்குத் தெரிபவை 576. சிறு பிள்ளைகள் நாங்கள் முட்டி மோதிக்கொண்டு முன்னால் உட்காருவோம், எம்.ஜி.ஆர். முகத்தில் கோடு கோடாகத் தெரியும். பின்னால் பலகையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு ஒரு கோடும் தெரியாது. அவர்கள்தாம் நல்ல படம் பார்த்தவர்கள்.

கணினித் திரையிலோ பின்னால் போய் உட்கார வழியில்லை. மேசைக்கு முன் ஏறக்குறைய இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருப்போம். அந்தத் தூரத்தில் நல்ல கண், ஒரு மில்லிமீட்டரை ஆறாக வகுத்த அளவு வரையில் நெருங்கிய இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். அதாவது சுமார் 0.17 மில்லிமீட்டர். 24 அங்குல ஃபுல் எச்டியில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 0.28 மில்லிமீட்டர். 27 அங்குல டூகேயில் 0.23. அதே அளவு ஃபோர்கேயில் 0.155, கண்ணின் எல்லையையும் தாண்டிவிடுகிறது. ஆனால் 27 அங்குலத்தில் ஃபுல் எச்டி வாங்கினால் 0.31 மில்லிமீட்டர். எங்கள் பழைய திரையை விடவும் சற்றுக் கலைந்த புள்ளி! "பெருசா இருக்கு, விலையும் கம்மி" என்று அதைத்தான் ஒரு கடையில் எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

எங்கள் கொழுந்தனார் வேறு ஒரு யோசனை சொன்னார். "வீட்டுல முப்பத்திரண்டு அங்குல டிவி இருக்கே அண்ணி, அதுலயே சொருகிடுங்க. காசே வேணாம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மலிவான 32 அங்குல டிவிகளில் பல, 1,366க்கு 768 புள்ளிதான், எங்களுடையதும் அப்படித்தான். இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் மேல். பத்தடி தள்ளி நாற்காலியில் சாய்ந்து நாடகம் பார்க்க அது போதும். மேசையில் வைத்துப் பாடம் எழுதினால் எழுத்தெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக நிற்கிறது. ஒரு மாலை சொருகிப் பார்த்து அவிழ்த்துவிட்டோம்.

இனி நான் சொல்லப்போவது கடைக்காரர் யாரும் சொல்லாதது. திரைகளைப் பற்றிய பேச்செல்லாம் ஆங்கில எழுத்தை வைத்தே நடக்கிறது. ஆங்கில எழுத்து எளிய எழுத்து. நாலு கோடு, ஒரு வட்டம். நம் எழுத்து அப்படியா? மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன', அதற்கு மேல் ஒரு புள்ளி. சாதாரணமாகத் திரையில் ஓர் எழுத்து வரிக்கு ஒதுக்கப்படும் உயரம் 16 புள்ளி. அதற்குள் மூன்று சுழியும் மேற்புள்ளியும் கொம்பும் காலும் அடங்க வேண்டும். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 'பணி' எது, 'பனி' எது, 'மணம்' எது, 'மனம்' எது என்று கண் தடுமாறுகிறது. வயதான கண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த இடத்தில் நம் நாட்டவர் முத்து நெடுமாறன் அவர்களை நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. 1980களில் அவர் 'முரசு' மென்பொருளைச் செய்து கணினியில் தமிழை ஏற்றினார். 640க்கு 480 புள்ளி கொண்ட திரை பரவலானதே 1987க்குப் பிறகுதான். அத்தனை குறைந்த புள்ளிகளுக்குள் நம் சுழிகளை அடக்கிக் காட்ட எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும்!

ஆகவே கடைக்குப் போனபோது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். மகனுக்கு அதில் கொஞ்சம் வெட்கம். மூன்று திரையிலும் ஒரே தமிழ்ச் செய்தியைத் திறக்கச் சொன்னோம். கடைத் தம்பி சீனப் பையன், பொறுமைசாலி, முகம் சுளிக்காமல் திறந்து கொடுத்தான். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ஃபுல் எச்டியில் இரண்டு இடத்தில் நின்று நின்று படித்தார். டூகேயில், எழுத்தை நூற்றுக்கு 125 என்று பெரிதாக்கச் சொன்னோம். எழுத்தின் உயரம் முன்னதைவிடச் சற்றே கூடுதல்தான். ஆனால் 16 புள்ளி இருந்த இடத்தில் 20 புள்ளி. தடையில்லாமல் படித்துக்கொண்டே போனார். ஃபோர்கேயில் எழுத்து அச்சடித்த புத்தகம் போலவே இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். "இதுக்கும் அதுக்கும் எனக்குப் பெருசா வித்தியாசம் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டார். காசை நினைத்துச் சொன்னாரா, கண்ணை நினைத்துச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மகனின் மனத்தை மாற்றியது பாட்டியல்ல, கணக்கு. விளையாட்டில் வினாடிக்கு 60 படம் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் எச்டியில் கணினி ஒரு வினாடிக்கு 124 மில்லியன் புள்ளிகளை வரைய வேண்டும். டூகேயில் 221 மில்லியன். ஃபோர்கேயில் 498 மில்லியன். அவனுடையதோ இரண்டாம் கையாக வாங்கிய கணினி. அதன் கிராஃபிக்ஸ் அட்டை அந்தப் பாரத்தைத் தாங்காது. படம் தத்தித் தத்தி ஓடும். அட்டையையும் மாற்றுவதென்றால் திரையின் விலைக்கு இன்னொரு விலை. அண்ணன் மகன் இதை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது, இவன் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "டூகே போதும்மா, என் பங்கு இருநூறு வெள்ளி" என்றான். பாசார் மாலாமில் ஒரு கடைக்கு ஒத்தாசையாக நின்று சேர்த்த பணம். அவன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் லாரியை எடுப்பதற்கு முன் மீதிப் பணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

டூகேயிலும் ஒரு சங்கடம் உண்டு. கனமான விளையாட்டு ஓடவில்லை என்று அதை ஃபுல் எச்டி அளவுக்குக் குறைத்து ஓட்டினால், மூன்று புள்ளிக்குரிய படத்தை நான்கு புள்ளியில் பரப்ப வேண்டியிருக்கும். சரியாகப் பொருந்தாமல் மங்கும். அதற்குப் பதிலாக, அளவை அப்படியே விட்டு, நிழல், புல், தண்ணீர் முதலிய அலங்காரங்களை விளையாட்டுக்குள்ளேயே குறைத்துக்கொள்ளலாம். மகன் அப்படித்தான் செய்கிறான். வேலொரன்ட் போன்ற இலேசான விளையாட்டுகளுக்கு அதுவும் தேவைப்படுவதில்லை.

நானூறு வெள்ளிக்கு மேல் முடியாத வீடுகளும் உண்டு. எங்கள் வீடே ஐந்து வருடத்துக்கு முன் அப்படித்தான் இருந்தது. அவர்களுக்கு 24 அங்குல ஃபுல் எச்டியே சரி. பிள்ளையின் பாடத்துக்கும் விளையாட்டுக்கும் தாராளமாகப் போதும். வீட்டில் முதியவர் படிப்பதாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள், சுழி பிரிந்து தெரியும். அதே விலையில் பெரிய திரை கிடைக்கிறதே என்று 27 அங்குலத்துக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். ஃபோர்கே, படம் திருத்துவதும் வரைவதும் பிழைப்பாக உள்ளவர்களுக்கு, அல்லது அதற்கேற்ற கணினி ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு. அப்படியே வாங்கினாலும் கம்பியைப் பார்த்து வாங்குங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 வழியில் ஃபோர்கே வினாடிக்கு 30 படம்தான் வரும். 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும், கணினியிலும் திரையிலும்.

இன்னொன்று. எங்கள் திரை வினாடிக்கு 144 படம் காட்டக்கூடியது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. வீட்டில் மாட்டியபோது 60இல்தான் ஓடியது. திரை பழுதோ என்று பயந்து கடைக்கு ஃபோன் போடப் போனோம். மகள்தான் அமைப்புகளுக்குள் போய்த் தேடி 144க்கு மாற்றினாள். கையோடு, திரை முழுவதும் வெள்ளை, பிறகு கறுப்பு, பிறகு சிவப்பு என்று நிறம் போட்டுச் செத்த புள்ளி ஏதும் இருக்கிறதா என்று ஒரு மூலை விடாமல் பார்த்தாள். மாற்றிக் கொடுக்கும் தவணை முடிவதற்குள் இதைப் பார்த்துவிட வேண்டும். ரசீதைப் பெட்டியோடு கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறேன்.

இப்பொழுது மாலை ஏழு மணி வரை மகளின் பாடம். ஏழிலிருந்து எட்டரை வரை மாமியாரின் செய்தியும் தொடர்கதையும். அதற்குப் பின்தான் மகனுடைய துப்பாக்கிச் சத்தம். எட்டரை ஆகியும் பாட்டி எழுந்திருக்கவில்லை என்றால் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று தானும் அந்தத் தொடர்கதையைப் படிக்கத் தொடங்கிவிடுகிறான். நேற்று இரவு, "பாட்டி, கீழ தள்ளுங்க, அவ அப்புறம் என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொண்டு நின்றான்.